வடசென்னையில் முதல் நாள் பிராக்டிஸ்: கல்லூரிப் பெண்கள் ஃபுட்பால் அணிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

ஜூன் மாதம் கல்லூரி திறந்து சில நாட்களில் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டுவார்கள். ஃபுட்பால் அணியில் சேர விரும்பும் மாணவிகள் காலை 6 மணிக்கு கிரவுண்டுக்கு வரவும் என்பதோடு அது முடிந்துவிடும். என்ன போட்டுக்கொண்டு வருவது, என்ன சாப்பிட்டுவிட்டு வருவது, அங்கே என்ன செய்யச் சொல்வார்கள் என்பதெல்லாம் அதில் இருக்காது. வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ அண்ணன் தம்பிகளோடு தெருவில் பந்து உதைத்து வளர்ந்த பெண்ணும் அந்தத் தாளைப் பார்த்து வருவாள். பள்ளியில் கோ-கோ மட்டும் ஆடிவிட்டு, அடியில் கட்டைகள் வைத்த ஸ்டட்ஸ் ஷூவைக் கையில்கூடத் தொட்டுப் பார்க்காத பெண்ணும் வருவாள். இது இருவருக்கும் எழுதியது.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். முதல் நாள் யார் வேகமாக ஓடுகிறார்கள் என்று பி.டி. மேடம் பெரிதாகக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு மாத லீவுக்குப் பிறகு எல்லோருக்கும் மூச்சு வாங்கும் என்பது அவருக்குத் தெரியும். அவர் பார்ப்பது வேறு: நேரத்துக்கு வந்தாளா, சொன்னதைக் காதில் வாங்கினாளா, பந்தை இழந்ததும் நின்றுவிட்டாளா, திரும்ப ஓடினாளா, வலி இருந்தால் மறைக்காமல் சொன்னாளா. அன்றைக்கே எல்லாத் திறமையையும் காட்டிவிட வேண்டும் என்று முட்டி மோதுகிற பெண்தான் பெரும்பாலும் மறுநாள் நொண்டிக்கொண்டு வருவாள், அல்லது வரமாட்டாள். முதல் நாளின் இலக்கு, இரண்டாம் நாளும் முழு உடம்போடு வந்து நிற்பது. கீழே சொல்லும் ஒவ்வொன்றும் அதற்காகத்தான்.

பத்து நாள் முன்பிலிருந்து

லீவில் ஓடவே இல்லை என்றால் குறைந்தது பத்து நாளாவது வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள், 20 நிமிடம்: ஒரு நிமிடம் மெதுவோட்டம், ஒரு நிமிடம் நடை. நாலாவது தடவையில் இரண்டு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என்று மாற்றலாம். வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும் என்பதால், ஏ.சி. அறையில் டிரெட்மில்லில் ஓடுவது இதற்கு ஈடாகாது. பிராக்டிஸ் நடக்கும் அதே நேரத்தில் வெளியில் ஓடுங்கள். கடைசி இரண்டு நாள் ஓட வேண்டாம். பயத்தில் முந்தின நாள் பத்து ரவுண்டு ஓடினால், தசைவலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும். சரியாக முதல் நாள் காலையில் படியிறங்க முடியாது.

இந்த நாட்களில் ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போடாமல் முடித்துவிடுங்கள்: ஹீமோகுளோபின் பரிசோதனை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். ‘இவளுக்கு ஸ்டாமினா இல்லை’ என்று கிரவுண்டில் சொல்லப்படும் பெண்களில் பலருக்கு உண்மையில் குறைவாக இருப்பது இரும்புச்சத்து. மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு துளி ரத்தத்தில் பார்த்துவிடலாம். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் கேட்டு மாத்திரை எடுங்கள். மாத்திரையோ கீரையோ சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது; ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். எலுமிச்சை, நெல்லிக்காய் கூடச் சேர்ந்தால் நன்றாகச் சேரும்.

ஷூ

வருகிறவர்களில் பாதிப்பேர் தப்பு செய்யும் இடம் இது. வடசென்னையில் புல் முளைத்த கிரவுண்டு கிடைப்பது அரிது. பெரும்பாலும் இறுகிய மண், மேலே பொடிக்கல். கடையில் அழகாகத் தெரியும் நீளக் கட்டைகள் கொண்ட ஸ்டட்ஸ், ஈரப் புல்தரைக்காகச் செய்யப்பட்டது. இறுகிய மண்ணில் அந்தக் கட்டை உள்ளே இறங்காது. முழு எடையும் நாலைந்து புள்ளிகளில் விழும். அரை மணி நேரத்தில் பாதத்தின் முன்பகுதி எரிய ஆரம்பிக்கும், ஒரு வாரத்தில் குதிகால் வலிக்கும். உங்களுக்குத் தேவை, அடியில் குட்டை குட்டையாக நிறைய ரப்பர் குமிழ்கள் உள்ள டர்ஃப் ஷூ. அது கிடைக்காவிட்டால், வார்ப்பில் சேர்ந்தே வந்த குட்டையான ரப்பர் கட்டைகள் கொண்டது. இரும்புக் கட்டை வைத்ததை எடுக்கவே வேண்டாம்.

நேரு ஸ்டேடியத்தை ஒட்டி, பெரியமேட்டில் விளையாட்டுப் பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சாயங்காலம் போங்கள், பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், ஆடும்போதும் அப்படித்தான் இருக்கும். ஆடும்போது போடப்போகிற ஸ்டாக்கிங்ஸைக் கையோடு கொண்டுபோய், அதைப் போட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும். நின்ற நிலையில் பெருவிரலுக்கு முன்னால் அரை விரல் அகல இடம் போதும். ‘கொஞ்சம் பெரிசா வாங்கு, ரெண்டு வருசம் வரும்’ என்று வீட்டில் சொல்வார்கள். அதைக் கேட்டால் உள்ளே கால் வழுக்கி, நகம் கறுத்து, முதல் வாரமே கொப்பளம்தான். பிறகு ஷூவைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் வைத்துவிடுங்கள். முன்பக்கம் சோலும் மேல்தோலும் சேரும் இடத்தில் தையல் ஓடியிருக்கிறதா என்றும் பாருங்கள். பசை மட்டும் போட்டது முதல் மழையில் வாய் பிளக்கும்.

நம் கடைகளில் பெண்களுக்கென்று செய்த ஷூ குறைவு. ஆண்களின் அளவில் வாங்கினால் முன்பக்கம் சரியாக இருந்தும் குதிகால் மேலே ஏறி இறங்கும். அதற்கு வழி லேஸில் இருக்கிறது. லேஸ் நுழையும் கடைசித் துளைக்கு மேலே, சற்றுத் தள்ளி, யாரும் பயன்படுத்தாத ஒரு ஓட்டை சில ஷூக்களில் இருக்கும். லேஸை வெளிப்பக்கமாக விட்டு அதே பக்கத்து அந்த ஓட்டையில் உள்ளே இழுத்தால் சின்ன வளையம் ஒன்று உருவாகும். இரு பக்கமும் அப்படிச் செய்து, வலது நுனியை இடது வளையத்துக்குள்ளும் இடது நுனியை வலது வளையத்துக்குள்ளும் விட்டு, குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் உட்காரவைத்து, கீழ்ப்பக்கமாக இழுத்து முடியுங்கள். குதிகால் பிடித்துக்கொள்ளும். முடிச்சு இரட்டை முடிச்சாக, கணுக்காலின் வெளிப்பக்கம் விழட்டும். மேல்பக்கம் விழுந்தால் பந்தை உதைக்கும்போது உறுத்தும்.

புது ஷூவோடு நேராக கிரவுண்டுக்குப் போகாதீர்கள். நாலைந்து நாள் வீட்டிலோ மொட்டைமாடியிலோ அரை மணி நேரம் போட்டு நடங்கள். எந்த இடம் சிவக்கிறதோ அங்கே முதல் நாளே பிளாஸ்டர் ஒட்டிவிட்டு ஸ்டாக்கிங்ஸ் போடுங்கள்.

மற்ற உடுப்புகள்

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் காக்கும் ஷின் கார்டு போட்டியில் கட்டாயம், ஃபுட்பால் ஆட்ட விதிகளில் விதி 4 சொல்கிறது. முதல் நாள் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்து விட்டுவிட்டால், கடைசிப் பதினைந்து நிமிட ஆட்டத்தில் யாருடைய காலாவது உங்கள் முழங்கால் கீழ் எலும்பைத் தேடி வரும். கணுக்கால் மடியும் இடத்துக்கு இரண்டு விரல் மேலே தொடங்கி முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிகிற அளவு சரி.

ஸ்போர்ட்ஸ் ப்ரா ஷூவுக்கு அடுத்த முக்கியமான பொருள். சாதாரண உள்ளாடையின் மேல் இன்னொன்று போட்டுக்கொண்டு சமாளிப்பவர்கள் உண்டு. தோளில் பட்டை அறுக்கும், மூச்சை இழுத்து விட முடியாது. கடையில் போட்டுப் பார்த்து இரண்டு தடவை குதியுங்கள். கீழ்ப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் இழுபடக் கூடாது. கம்பி வைத்தது வேண்டாம்.

ஷார்ட்ஸ் போட வீட்டில் தயங்கினால் உள்ளே லெகிங்ஸ் போடலாம். போட்டியிலும் ஷார்ட்ஸின் நிறத்தில் இருந்தால் விதி அனுமதிக்கிறது. தலையை மூடி ஆட விரும்பும் மாணவிகளுக்கும் 2014 முதல் விதியில் இடம் உண்டு: ஊக்கு, பின் எதுவும் இல்லாமல், தலையோடு ஒட்டி, ஜெர்சியோடு சேர்த்துத் தைக்காததாக இருக்க வேண்டும். இந்த இரண்டு காரணத்துக்காக யாரும் வராமல் இருந்துவிடக் கூடாது.

தோடு, மூக்குத்தி, கொலுசு, வளையல், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். பிளாஸ்டர் ஒட்டி மறைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். விதிப்படி அதுவும் கூடாது. புதிதாக மூக்குக் குத்திய துளை தூர்ந்துவிடும் என்ற கவலை நியாயமானது, அதனால் சீசன் முடிந்த பிறகு குத்திக்கொள்ளுங்கள். தலைமுடியை இறுக்கிப் பின்னி ரப்பர் பேண்ட் போடுங்கள். இரும்பு கிளிப் வேண்டாம்.

பையில் இருக்க வேண்டியவை: இரண்டு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்று, வாழைப்பழம், துண்டு, மாற்று டி-ஷர்ட், செருப்பு, பிளாஸ்டர், இரண்டு நாப்கின், ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர். வீட்டு போன் எண்ணை ஒரு தாளில் எழுதிப் பையின் முன் ஜிப்பில் வையுங்கள். உங்கள் போன் லாக் ஆகியிருக்கும்போது அந்தத் தாள்தான் உதவும்.

ராத்திரியும் விடியற்காலையும்

முந்தின ராத்திரி எட்டரைக்குள் சாப்பிட்டுவிடுங்கள். இட்லி, சப்பாத்தி, சோறு எதுவானாலும் சரி. பரோட்டாவும் பிரியாணியும் மட்டும் அன்றைக்கு வேண்டாம். காலை ஆறு மணிக்கும் வயிறு கனமாகவே இருக்கும்.

காலை நாலே முக்காலுக்கு எழுந்தால் நிதானமாக இருக்கும். அரை லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். பிராக்டிஸுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ போதும். ‘வெறும் வயிற்றில் ஓடினால் லேசாக இருக்கும்’ என்று வருகிற பெண்களுக்கு ஏழேகால் வாக்கில் கண் இருட்டும். ஏறத்தாழ ஒவ்வொரு வருடமும் முதல் நாள் உட்கார்ந்துவிடுகிறவர்களைக் கேட்டால், காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்றுதான் சொல்வார்கள்.

மாதவிடாய் நாளாக இருந்தால் வர வேண்டாம் என்றில்லை. கறுப்பு ஷார்ட்ஸ், உள்ளே இறுக்கமான லெகிங்ஸ், கிளம்பும் முன் புது நாப்கின். வார்ம்அப் முடியும்போது வயிற்றுப் பிடிப்பு தளர்வதைப் பலர் உணர்வார்கள். அதிகமாகப் போகிறது, தலை சுற்றுகிறது என்றால் மேடத்திடமோ கேப்டன் அக்காவிடமோ சொல்லி உட்காருங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சீசன் முழுக்க தேதியைக் குறித்து வையுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து வராமல் போனால், சாப்பாடு ஆட்டத்துக்குப் போதவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள்.

எண்ணூர், திருவொற்றியூர் பக்கமிருந்து வருகிறவர்கள் கும்மிடிப்பூண்டி மார்க்க லோக்கல் ரயிலின் நேரத்தை முந்தின நாளே பார்த்து வைத்துவிடுங்கள். சாலையில் வந்தால் கன்டெய்னர் லாரி வரிசையில் எங்கே மாட்டுவீர்கள் என்று சொல்ல முடியாது. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் செலவு ஒரு தடையில்லை, நேரம்தான் தடை. ஆறு மணி பிராக்டிஸ் என்றால் ஐந்தே முக்காலுக்கு ஷூ கட்டி நிற்க வேண்டும்.

கிரவுண்டில் இறங்கியதும்

மேடத்துக்கு வணக்கம் சொல்லி, படிவத்தில் பெயர் எழுதுங்கள். சீனியர்களை அக்கா என்றுதான் கூப்பிடுவது வழக்கம்; ஆட்டத்துக்குள் மட்டும் பெயர் சொல்லிக் கத்தலாம், அதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பழைய காயம், சாப்பிடும் மாத்திரை, சமீபத்தில் வந்த காய்ச்சல் மூன்றையும் அப்போதே சொல்லிவிடுங்கள். காய்ச்சல் விட்டு ஒரு வாரம்கூட ஆகாதவர்கள் அன்றைக்கு ஓடக் கூடாது. சொன்னால் எடுக்கமாட்டார்கள் என்ற பயத்தில் மறைத்த முழங்கால், இரண்டாம் வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பிறகு எல்லோரும் வரிசையாக, கைக்கெட்டும் தூரத்தில் நின்று, இந்த கோல் போஸ்டிலிருந்து அந்த கோல் போஸ்ட் வரை குனிந்து பார்த்தபடி நடங்கள். பொது கிரவுண்டு என்றால் கண்ணாடிச் சில்லு, ஆணி, கிரிக்கெட் ஸ்டம்ப் நட்ட குழி எல்லாம் இருக்கும். குழியை மண் தள்ளி மிதித்து மூடுங்கள். ஐந்து நிமிட வேலை. கணுக்கால் பல நேரம் இந்தக் குழிகளில்தான் பிசகுகிறது.

பந்தையும் பாருங்கள். 5-ஆம் நம்பர் பந்து, சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். காற்றழுத்தத்துக்கு விதி தரும் இடைவெளி பெரியது: 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. வரை. இறுகிய மண்ணில் அடித்தட்டிலேயே, 9 வாக்கில் வைப்பது நல்லது. பம்ப் அடித்துக் கல் மாதிரி ஆக்கிய பந்து நம் கிரவுண்டில் முழங்கால் உயரத்துக்குத் துள்ளும். புதிதாக வந்தவள் காலில் நிற்காத பந்தைப் பார்த்து, தனக்கு ஆட வராது என்று முடிவு கட்டிவிடுவாள். தப்பு பந்திலும் இருக்கலாம்.

வார்ம்அப்: இதில் அவசரம் வேண்டாம்

பத்து ரவுண்டு ஓடவிட்டு, நின்ற இடத்தில் காலை இழுத்து ஸ்ட்ரெச் செய்வது பழைய வழக்கம். இப்போது பல அணிகள் ஃபிஃபா 11+ என்ற வார்ம்அப் பயிற்சி வரிசையைச் செய்கின்றன. மொத்தம் 20 நிமிடம், 15 பயிற்சி: முதல் 8 நிமிடம் மெதுவோட்டத்தோடு ஆறு அசைவுகள், அடுத்த 10 நிமிடம் பலம், சமநிலை, குதித்தல் என ஆறு, கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம் மூன்று. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் ஆட்டக்காரர்களிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இதைச் செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. பந்தும் இடம் குறிக்க வைக்கும் கோனும் தவிர வேறு சாமான் எதுவும் இதற்குத் தேவையில்லை.

இது பெண்கள் அணிக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் அறுவது பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் இடிக்காமலேயே அறுகிறது: குதித்து இறங்கும்போது, ஓடி வந்து சட்டென்று திரும்பும்போது, முழங்கால் உள்பக்கமாக மடிந்து. அறுந்தால் ஆபரேஷன், ஒன்பது மாதமாவது ஆட்டம் இல்லை. கல்லூரிக் காலத்தில் ஒன்பது மாதம் என்றால் ஒரு முழு சீசன்.

அதனால் குதித்து இறங்குவதை மட்டும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். இருவர் எதிரெதிரே நில்லுங்கள். ஒருத்தி நின்ற இடத்தில் குதித்து இரு காலில் இறங்கட்டும், மற்றவள் அவள் முழங்காலை மட்டும் பார்க்கட்டும். இரண்டு முழங்காலும் ஒன்றையொன்று முத்தமிடுவது போல் உள்ளே சாய்ந்தால் தப்பு. கால் நடுவிரலுக்கு நேர் மேலே முழங்கால் இருக்க வேண்டும். இடுப்பு பின்னால் போய், நாற்காலியில் பாதி உட்கார்ந்த மாதிரி நிற்க வேண்டும். சத்தத்தையும் கேளுங்கள். ‘தொம்’ என்று விழுந்தால் முழங்கால் விறைத்திருக்கிறது. பூனை குதித்த மாதிரி சத்தம் இல்லாமல் இறங்கினால் தசை எடையை வாங்கிக்கொண்டது. ஆறு தடவை இரு காலில், பிறகு பக்கவாட்டில் ஒற்றைக் காலில் ஆறு. முதல் நாள் ஒற்றைக் காலில் எல்லோருக்கும் ஆடும், பரவாயில்லை. ஆறு வாரம் விடாமல் செய்தால் அந்தத் தள்ளாட்டம் நிற்கும்.

பழைய முறையில்தான் ரவுண்டு ஓடச் சொல்கிறார்கள் என்றால் மறுத்துப் பேச வேண்டாம். பக்கத்தில் ஓடுகிறவளோடு பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள்.

ஓட்டத் தேர்வு

இரண்டில் ஒன்று வைப்பார்கள். ஒன்று 12 நிமிட ஓட்டம். கிரவுண்டு 100 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம் என்றால் ஒரு சுற்று 320 மீட்டர். 12 நிமிடத்தில் 2 கிலோமீட்டர் ஓட, ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம் 55 விநாடி. புதியவர்கள் முதல் சுற்றை ஒன்றரை நிமிடத்தில் ஓடிவிட்டு நாலாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். முதல் இரண்டு சுற்றை இரண்டு நிமிடம் ஐந்து விநாடிக்கு ஓடி, பிறகு கூட்டுங்கள். ஒரே சீராக ஓடியவளின் மொத்தத் தூரம் எப்போதும் அதிகமாக இருக்கும்.

இன்னொன்று பீப் டெஸ்ட். 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு, ஸ்பீக்கரில் ஒலி, அடுத்த ஒலிக்குள் எதிர்க் கோட்டைத் தொட வேண்டும். தொடக்க வேகம் மணிக்கு 8.5 கிலோமீட்டர், அதாவது ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு எட்டரை விநாடி இருக்கிறது. ஆறு விநாடியில் போய் நின்று காத்திருப்பது வீண். நின்று கிளம்புவதில்தான் மூச்சு செலவாகிறது. திரும்பும் இடத்தில் கடைசி இரண்டு அடியைக் குட்டையாக வைத்து, இடுப்பைத் தாழ்த்தித் திரும்புங்கள். ஒருமுறை வலது கால், அடுத்தமுறை இடது கால் என்று மாற்றாவிட்டால் ஒரே தொடை பிடித்துக்கொள்ளும்.

வெயில் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஆறு மணிக்குக் குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழியுமே தவிரக் காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. 15 நிமிடத்துக்கு ஒரு தடவை நாலைந்து மடக்கு தண்ணீர் குடியுங்கள். ஓ.ஆர்.எஸ். கரைப்பவர்கள் பொட்டலத்தில் எழுதியுள்ள அளவைப் பாருங்கள்: ஒரு லிட்டருக்கானதை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் குமட்டும். பொட்டலம் இல்லை என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. டெட்ரா பாக்கெட்டில் வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்றாகாது.

தலைவலி, குமட்டல், வெயிலில் நிற்கும்போதே மயிர்க்கூச்செறிதல் இவற்றில் ஒன்று வந்தாலும் கையைத் தூக்கிவிட்டு நிழலுக்கு வாருங்கள். பக்கத்தில் ஒருத்தி தள்ளாடினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அது சாதாரண மயக்கம் இல்லை. நிழலில் படுக்கவைத்து, ஷூவையும் ஷின் கார்டையும் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. நினைவு தெளிவில்லாதவளின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பந்தோடு

முதலில் ஜோடி ஜோடியாக, 8 மீட்டர் இடைவெளியில் பாஸ். ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி, விரல்கள் தோழியைப் பார்த்து. உதைக்கும் காலின் கணுக்கால் இறுகி, பாதத்தின் உள்பக்கம் பந்தின் நடுவில். கணுக்கால் தளர்ந்தால் பந்து கோணிப் போகும். வாங்கும்போது இதற்கு நேர்மாறு: பந்து தொடும் நொடியில் பாதத்தை ஒரு சாண் பின்னால் இழுங்கள், யாரோ எறிந்த முட்டையைக் கையில் வாங்குவது போல. மண் கிரவுண்டில் பந்து கடைசி ஒரு மீட்டரில் துள்ளும், அதனால் பாதத்தைத் தரையோடு வைக்காமல் நாலு விரல் உயர்த்தி வையுங்கள்.

தெருவில் ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு சொல். சந்து ஆட்டம் தந்த டச், அதாவது பந்தைக் காலில் அடக்கும் பக்குவம், பெரிய சொத்து. நெருக்கத்தில் பந்தைப் பாதத்தின் அடியில் உருட்டி மறைப்பது கோச்சிங் கேம்பில் வந்தவர்களுக்கு எளிதில் வராது. குறை ஒன்றுதான்: தலை குனிந்தே இருக்கும். சந்தில் சுவர்கள் இருந்ததால் பின்னால் பார்க்கத் தேவையிருக்கவில்லை. பெரிய கிரவுண்டில் பந்து உங்களிடம் வந்துகொண்டிருக்கும்போதே ஒருமுறை தோளுக்குப் பின்னால் பாருங்கள். அதை மட்டும் அன்றைக்குச் செய்தாலும் மேடம் கவனிப்பார்.

பிறகு 10 மீட்டர் சதுரத்தில் நாலு பேர் பந்தை வைத்திருக்க, நடுவில் இரண்டு பேர் பிடுங்குவார்கள். அடுத்து 40-க்கு 30 மீட்டரில் ஐந்துக்கு ஐந்து ஆட்டம், நாலு நிமிடம் வீதம் நாலு தடவை. வாயைத் திறந்து பேசுங்கள்: பந்து வேண்டும், பின்னால் ஆள், நேரம் இருக்கிறது. அமைதியாக ஓடுகிற பெண் கண்ணில் படுவதே இல்லை. பந்தை இழந்தால் அடுத்த ஐந்து விநாடி உங்களுடையது. தலையில் கைவைத்து நிற்காமல் திருப்பிப் பிடிக்க ஓடுங்கள். எந்த இடத்தில் ஆடுவாய் என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாது என்பதும் நல்ல பதில்தான், பேக், அதாவது பின்வரிசைத் தடுப்பில், ஆட வைத்துப் பார்ப்பார்கள்.

கோல் கீப்பராக விரும்புகிறவர்கள் முழுக்கை டி-ஷர்ட்டும் டிராக் பேண்டும் கொண்டுவாருங்கள். முதல் நாள் மண்ணில் டைவ் வேண்டாம். முட்டி போட்டு உட்கார்ந்து பக்கவாட்டில் சரிந்து பழகுவதே போதும். பந்தைத் தலையால் முட்டும் ஹெட்டரும் அன்றைக்குத் தேவையில்லை. தலையில் அடிபட்டு யாராவது சற்றே குழம்பினாலும் அன்றைய ஆட்டம் அவளுக்கு முடிந்தது, எவ்வளவு கெஞ்சினாலும்.

முடிந்த பிறகு

ஐந்து நிமிடம் நடை. பிறகுதான் நின்று இழுக்கும் ஸ்ட்ரெச்: கெண்டைக்கால், பின்தொடை, முன்தொடை, தொடையிடுக்கு, ஒவ்வொன்றும் 30 விநாடி. ஈர டி-ஷர்ட்டை மாற்றுங்கள். எடை பார்க்கும் வசதி இருந்தால் முன்னும் பின்னும் பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் நல்ல சாப்பாடு: பொங்கலும் முட்டையும், அல்லது மோர் விட்ட கேழ்வரகுக் கூழும் சுண்டலும். ஒரு பன்னும் டீயுமாக வகுப்புக்கு ஓடாதீர்கள்.

கணுக்கால் பிசகினால் துணி சுற்றிய ஐஸ் 15 முதல் 20 நிமிடம், இறுக்கமாக பேண்டேஜ், காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தல். முதல் இரண்டு நாள் எண்ணெய் போட்டு நீவவோ சுளுக்கு எடுக்கவோ யாரையும் விடாதீர்கள். வீட்டில் அன்போடுதான் சொல்வார்கள், ஆனால் உள்ளே கசியும் ரத்தம் நீவினால் கூடும், வீக்கம் இரட்டிப்பாகும். நாலு அடிகூட நடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முழங்காலில் ‘டப்’ என்று சத்தம் கேட்டு இரண்டு மணி நேரத்துக்குள் வீங்கினால் அன்றைக்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தொடை இரண்டும் சமமாக வலிக்கும், மாடிப்படி இறங்கும்போது அதிகமாகும் என்றால் அது வெறும் தசைவலி, மெதுவாக நடந்தால் குறையும். ஒரு பக்கம் மட்டும், மூட்டுக்குள், குத்துகிற மாதிரி வலித்தால் மறுநாள் ஓடும் முன் மேடத்திடம் சொல்லுங்கள்.

வீட்டில் ‘பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு’ என்ற பேச்சு வந்தால் சண்டை போடாமல், எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள், மேடத்தோடு ஒருமுறை போனில் பேசவையுங்கள். அம்மா ஒருநாள் கிரவுண்டுக்கு வந்து பார்த்தால் பாதிப் பயம் போய்விடும். தமிழ்நாடு பெண்கள் அணி 2018-இலும் 2023-இலும் தேசிய சாம்பியன் ஆனது. இந்தியாவுக்கு ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு போலீஸில் சப் இன்ஸ்பெக்டர். இந்த இரண்டு செய்தியையும் அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள்.

ராத்திரி படுக்கும் முன் ஷூவின் மண்ணை பழைய டூத் பிரஷால் தட்டி எடுங்கள். வெயிலில் காயவைத்தால் பசை விட்டுப்போகும். லேஸைத் தளர்த்தி, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஃபேனுக்கு அடியில் வையுங்கள். ஈரம் முழுக்கத் தாளுக்குள் இறங்கிவிடும். காலை நாலே முக்காலுக்கு அலாரம்.